வாசலில் நின்றவர் சொன்ன தீர்ப்பு

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், வேதியியல்)

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்று நம் ஊர்ப்பக்கம் ஒரு பழமொழி வழங்குகிறது. கோயிலுக்குப் போய் நெடுநேரம் காத்துக் கிடந்த யாரோ ஒருவர் சலிப்பில் சொன்ன சொல் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். தொழிலாளர் சட்டங்களைச் சிறிது புரட்டிப் பார்க்க நேர்ந்தபோது, இந்தப் பழமொழி ஏறத்தாழ எழுபத்தெட்டு ஆண்டுகள் நம் நாட்டில் சட்டமாகவே இருந்திருக்கிறது என்று தெரிந்தது. தொழிலாளர் வழக்கைக் கேட்கத் தீர்ப்பாயம் உண்டு. கேட்டு முடிவு சொல்ல நீதிபதியும் உண்டு. ஆனால் தொழிற்சங்கம் தானாகப் போய் அந்தத் தீர்ப்பாயத்தின் கதவைத் தட்ட முடியாது. கதவின் சாவி அரசின் தொழிலாளர் துறையிடம் இருந்தது. துறை திறந்துவிட்டால் உள்ளே போகலாம். இல்லையேல் வாசற்படியோடு திரும்ப வேண்டியதுதான்.

சாவி வைத்திருப்பவர் தாமதமாகத் திறந்தால் பொறுத்துக்கொள்ளலாம். "நீ உள்ளே போனாலும் உனக்குச் சாதகமாகத் தீர்ப்பு வராது, எனவே திறக்கமாட்டேன்" என்று அவரே சொல்லிவிட்டால்? அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டா? இந்த வினாவை ஜாம்ஷெட்பூரைச் சேர்ந்த ஒரு தொழிற்சங்கம் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுசென்று 1989ஆம் ஆண்டில் விடை பெற்றது. அவ்வழக்கைப் பற்றி மாணவ நண்பர்களுக்கு எனக்குத் தெரிந்த அளவில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். உப்பையும் அமிலத்தையும் படிப்பவனுக்குச் சட்டம் எதற்கு என்று நண்பர்கள் கேட்பது காதில் விழுகிறது. அதற்கான காரணத்தையும் இடையில் சொல்கிறேன்.

வண்டி யாருடையது, ஓட்டுபவர் யாருடையவர்?

நெடுஞ்சாலைகளில் நீங்கள் கண்டிருக்கலாம். கூண்டு கட்டாத வெறும் லாரிச் சேசிஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகப் போகும். ஓட்டுபவர் தலையையும் முகத்தையும் துண்டால் சுற்றிக்கொண்டிருப்பார். முன்னால் கண்ணாடி கிடையாது. மேலே கூரை கிடையாது. வெயிலும் தூசியும் நேரே முகத்தில் அடிக்கும். தொழிற்சாலையில் புதிதாகப் பிறந்த வண்டியை, அது போய்ச் சேரவேண்டிய ஊருக்கு ஓட்டிக்கொண்டு போய் ஒப்படைப்பவர்கள் இவர்கள். கான்வாய் டிரைவர்கள் என்று பெயர்.

ஜாம்ஷெட்பூரில் டெல்கோ நிறுவனத்தின் தொழிற்சாலையிலிருந்து புது வண்டிகளை வெளியூர்களுக்கு ஓட்டிச் சென்ற இத்தகைய ஓட்டுநர்கள் சுமார் 900 பேர் இருந்தனர். (டெல்கோதான் 2003இல் டாட்டா மோட்டார்ஸ் என்று பெயர் மாறியது. ஜாம்ஷெட்பூர் இன்று ஜார்க்கண்ட் மாநிலத்தில் இருக்கிறது. அன்று அது பீகார்.) டெல்கோ கான்வாய் டிரைவர்கள் மஸ்தூர் சங்கம் என்பது இவர்களுடைய சங்கம். 1986 அக்டோபர் 16 அன்று இச்சங்கம் ஒரு கோரிக்கைக் கடிதம் கொடுத்தது. 'நாங்கள் டெல்கோவின் தொழிலாளர்கள். எனவே எங்களை நிரந்தரமாக்க வேண்டும். நிரந்தரத் தொழிலாளர்களுக்குள்ள வசதிகளை எங்களுக்கும் தரவேண்டும்' என்பது அதன் சாரம்.

நிர்வாகம் இதை ஒப்புக்கொள்ளாததில் வியப்பில்லை. ஆனால் நாம் கவனிக்க வேண்டியது நிர்வாகத்தின் பதிலை அன்று. கோரிக்கை வைத்து மூன்று வாரம் ஆன நிலையில், நவம்பர் 6 அன்று, ஜாம்ஷெட்பூர் தொழிலாளர் துணை ஆணையரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்த ஓட்டுநர்களுக்கும் டெல்கோவுக்கும் முதலாளி - தொழிலாளி என்ற உறவே இல்லை. எனவே இது தொழில் தகராறு ஆகாது. எனவே தீர்ப்பாயத்துக்கு அனுப்ப இயலாது என்று காரணங்களோடு அதில் எழுதியிருந்தது.

சற்று நிதானித்துப் பார்த்தால் இதிலுள்ள விந்தை புரியும். சங்கம் கேட்டது என்ன? 'நாங்கள் டெல்கோவின் தொழிலாளர்கள்தாமா என்பதைத் தீர்ப்பாயம் விசாரித்துச் சொல்லட்டும்' என்பது. அதிகாரி சொன்னது என்ன? 'நீங்கள் டெல்கோவின் தொழிலாளர்கள் இல்லை. ஆகவே விசாரணைக்கு அனுப்பமாட்டேன்' என்பது. எது விடையாக வரவேண்டுமோ, அதையே காரணமாக வைத்து வினாவைத் தள்ளிவிட்டார்.

சாவி அரசிடம் வந்த கதை

அரசிடம் இந்தச் சாவி ஏன் இருந்தது என்று கேட்கலாம். இதற்கு இரண்டாம் உலகப் போர்க்காலம் வரை பின்னோக்கிப் போகவேண்டும். போர் நடக்கும்போது ஆலைகளில் வேலைநிறுத்தம் நடந்தால் உற்பத்தி நின்றுவிடும் என்று அஞ்சிய ஆங்கில அரசு, 1942இல் இந்தியப் பாதுகாப்பு விதிகளில் 81-ஏ என்ற விதியைச் சேர்த்தது. வேலைநிறுத்தத்தைத் தடுக்கவும், தகராறைத் தன் விருப்பப்படி நடுவரிடம் அனுப்பவும் அரசுக்கு அது அதிகாரம் தந்தது. போர் முடிந்தது, விதியும் காலாவதியாக வேண்டிய நேரம் வந்தது. ஆனால் அதன் உள்ளடக்கத்தில் பெரும்பகுதி தொழில் தகராறுகள் சட்டம் என்ற பெயரில் நிலையான சட்டமாகி, 1947 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. விடுதலைக்கு நான்கு மாதங்கள் முன்பு பிறந்த சட்டம் அது. போர்க்காலத்துச் சாவியை அமைதிக்காலத்து அரசும் இடுப்பில் செருகிக்கொண்டது என்று சொன்னால் மிகையாகாது.

சட்டம் வேலை செய்த விதம் இதுதான். சங்கம் கோரிக்கை வைக்கும். தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார். உடன்பாடு ஏற்பட்டால் 12(3) ஒப்பந்தம் கையெழுத்தாகும். தொழிற்சங்கத்தார் 'பன்னிரண்டு மூன்று போட்டாச்சு' என்று மகிழ்ச்சியோடு சொல்வார்களே, அதுதான். உடன்பாடு ஏற்படாவிட்டால், 'பேச்சு முறிந்தது' என்று அலுவலர் அரசுக்கு அறிக்கை அனுப்புவார். அந்த அறிக்கையைப் பார்த்து, அனுப்பத்தக்க தகராறு என்று கருதினால் 10(1) பிரிவின்படி அரசு அதைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பும். அனுப்பாவிட்டால், ஏன் அனுப்பவில்லை என்ற காரணத்தைப் பதிவு செய்து இரு தரப்புக்கும் தெரிவிக்க வேண்டும் என்றது 12(5).

இந்தக் காரணம் கூறும் கடமை சிறு விஷயம் போலத் தோன்றும். உண்மையில் சட்டம் தொழிலாளிக்கு விட்டுவைத்த ஒரே துளை அதுதான். அரசு வாய்திறவாமல் மறுத்திருந்தால் எதை எதிர்த்து நீதிமன்றம் போவது? காரணத்தை எழுதியதால்தான் அந்தக் காரணம் சரியா என்று உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட முடிந்தது.

அப்படியானால் ரிட் மனுவிலேயே உயர் நீதிமன்றம் 'இவர்கள் டெல்கோ தொழிலாளர்கள்தாம்' என்று சொல்லிவிடக் கூடாதா என்று கேட்கத் தோன்றும். அது அப்படி நடப்பதில்லை. ஒருவர் யாருடைய தொழிலாளி என்பது ஆவணங்களையும் சாட்சிகளையும் பார்த்து அறியவேண்டிய உண்மை. யார் வேலைக்கு எடுத்தார், யார் கூலி கொடுக்கிறார், யார் வேலை வாங்குகிறார், நிறுத்துவதென்றால் யார் நிறுத்துவார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறுக்கு விசாரணை செய்யவேண்டும். ரிட் மனுவில் பிரமாண வாக்குமூலங்களைப் படிப்பார்கள். சாட்சியைக் கூண்டில் ஏற்றுவது வழக்கமில்லை. ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய ஒரு பெரிய வழக்கில் (இந்திய எஃகு ஆணையம் தொடர்பானது) உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2001இல் இதையே உறுதியாகச் சொல்லிவிட்டனர். இடையிலுள்ள ஒப்பந்தக்காரர் உண்மையானவரா, வெறும் திரைதானா என்பதைத் தொழில் தீர்ப்பாயம் போன்ற மன்றம்தான் ஆராயவேண்டும். அதற்கு ரிட் மனு ஏற்ற இடமன்று என்பது அத்தீர்ப்பு. ஆக, அந்தக் கேள்வியைக் கேட்க இருந்த இடம் ஒன்றே ஒன்று. அதன் கதவும் மூடப்பட்டால், அந்தத் தொழிலாளியின் கேள்வி நாட்டில் எங்குமே கேட்கப்படாமல் போய்விடும்.

நான் இதைப் படிக்க நேர்ந்த காரணம்

என் தந்தையார் ஓர் ஆலையின் கிடங்கில் லோடுமேன். மூட்டை ஏற்றுவதும் இறக்குவதும் வேலை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதே கிடங்கு, அதே வாசல். ஆனால் ஆலையின் பதிவேட்டில் அவர் பெயர் கிடையாது. கூலி ஒரு மேஸ்திரி கையால் சனிக்கிழமை வரும். மேஸ்திரிகள் மூன்று பேர் மாறிவிட்டார்கள். மூட்டை தூக்கியவர்கள் மாறவில்லை. நாற்பத்து மூன்று பேர் சேர்ந்து, 'எங்கள் பெயரை ஆலையின் பதிவேட்டில் ஏற்றவேண்டும்' என்று சங்கத்தின் மூலம் கோரிக்கை வைத்தார்கள். பேச்சுவார்த்தை நடந்தது, முறிந்தது. சில மாதங்கள் கழித்து ஒரு கடிதம் வந்தது.

நான் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். கடிதம் ஆங்கிலத்தில் இருந்ததால் சங்கச் செயலாளர் அதை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "தம்பி, இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லு" என்றார். படிக்கத் தெரிந்த பிள்ளை என்று நம்பி வந்தவர் முன் திணறக்கூடாதே என்று அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகச் சொன்னேன். மனுதாரர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள்; நிர்வாகத்துக்கும் இவர்களுக்கும் முதலாளி - தொழிலாளி உறவு இல்லை; எனவே தீர்ப்பாயத்துக்கு அனுப்பத் தேவை எழவில்லை. ஒரே பக்கம். தந்தையார் அதிகம் பேசுபவர் அல்லர். கேட்டுவிட்டு, "இல்லைன்னு யாருப்பா விசாரிச்சது?" என்றார்.

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் எடைச் சீட்டுகள் ஒரு கட்டு இருந்தது. எந்த நாள், எந்த லாரி, எத்தனை மூட்டை என்று எழுதி ஆலையின் கிடங்குக் கணக்கர் கையெழுத்திட்டவை. இன்ன மூட்டையை இன்ன இடத்தில் அடுக்கு என்று ஏவியவர் ஆலையின் ஆளா, மேஸ்திரியா என்பதை அச்சீட்டுகள் ஓரளவு சொல்லும். முழுவதும் சொல்லும் என்று நான் சாதிக்கவில்லை. நிர்வாகத் தரப்பிலும் ஒப்பந்தப் பத்திரம் இருக்கும். அதற்கும் மதிப்பு உண்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் இடம் ஒன்று வேண்டும் என்பதுதான் தந்தையாரின் ஒற்றை வரிக் கேள்விக்குப் பொருள். அந்தக் கடிதத்தை எழுதியவர் எடைச் சீட்டில் ஒன்றையேனும் கண்ணால் பார்த்தவர் அல்லர்.

பிறகு கல்லூரிக்கு வந்தேன். எங்கள் ஆய்வகத்தில் உப்புப் பகுப்பாய்வு செய்வோம். அறிவியல் நண்பர்களுக்கு இது பழகிய செய்தி, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பொட்டலத்தில் பெயர் தெரியாத உப்பைக் கொடுப்பார்கள். முதலில் நிறம் பார்ப்போம், சூடாக்கிப் பார்ப்போம். இவை முதனிலைச் சோதனைகள். பச்சை நிறம் கண்டால் நிக்கலாக இருக்கலாம் என்று ஐயுறலாம், அதற்குமேல் எழுதக்கூடாது. செம்புக் கார்பனேட்டும் பச்சைதான். டைமெத்தில் கிளையாக்சைம் சேர்த்துச் செந்நிற வீழ்படிவு வந்தபின்தான் 'நிக்கல் உறுதி' என்று எழுதலாம். அது உறுதிச் சோதனை. ஐயுறுவது ஒன்று, உறுதி செய்வது வேறொன்று. பொட்டலம் எடுத்துக் கொடுக்கும் ஆய்வக உதவியாளரே நிறத்தைப் பார்த்துவிட்டு, 'இதில் நிக்கல் இல்லை, உனக்கு உப்பு கிடையாது, வீட்டுக்குப் போ' என்றால் எப்படி இருக்கும்? ஜாம்ஷெட்பூரில் நடந்தது ஏறத்தாழ அதுதான். தொழிலாளர் துறைக்குச் சட்டம் கொடுத்தது முதனிலைச் சோதனை. துறை எழுதி அனுப்பியதோ உறுதிச் சோதனையின் முடிவு.

நீதிமன்றங்கள் நடந்து வந்த பாதை

இந்த வேறுபாடு ஒரே நாளில் நீதிமன்றங்களுக்குத் தெளிவானதன்று. தொடக்க வழக்குகளில் ஒன்று நம் சென்னையிலிருந்தே போனது. 1947இல் சென்னை நகரத் திரையரங்குத் தொழிலாளர்களின் தகராறை மாகாண அரசு தீர்ப்பாயத்துக்கு அனுப்பியது. 'எங்கள் அரங்கில் தகராறே இல்லை. அரசு என்ன தகராறு என்று விளக்காமல் பொத்தாம்பொதுவாக அனுப்பியது செல்லாது' என்று பிரபாத் டாக்கீஸ் நிர்வாகி சி.பி. சாரதி வாதிட்டார். அங்கே கதவு மூடியதை யாரும் எதிர்க்கவில்லை. திறந்ததை முதலாளி தரப்பு எதிர்த்தது. தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி தலைமையில் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. தகராறை அனுப்புவது வெறும் நிர்வாகச் செயல். அது தீர்ப்பு அன்று. எனவே அதை நுணுகி நுணுகி ஆராய வேண்டியதில்லை என்றது.

'நிர்வாகச் செயல்' என்ற இந்தச் சொல் பின்னாளில் இருபுறமும் வெட்டும் கத்தியானது. அனுப்புவது நிர்வாகச் செயல்தான் என்றால், அனுப்பாமல் இருப்பதும் நிர்வாகச் செயல்தானே, அதில் நீதிமன்றம் ஏன் தலையிடவேண்டும் என்று அரசுகள் கேட்டன. 1963இல் முடிந்த பம்பாய்ப் பத்திரிகையாளர் சங்கத்தின் வழக்கில் சங்கம் தோற்றது. ஆட்குறைப்புக்கு ஆளான இரு பத்திரிகையாளர்களுக்காக அச்சங்கம் வழக்காடியது. மேலோட்டமாகத் தகுதியைப் பார்க்க அரசுக்கு உரிமை உண்டு, வெளிப்படையாகவே அற்பமான கோரிக்கையையும் காலங்கடந்து வந்ததையும் அது தள்ளலாம் என்றது நீதிமன்றம். ஆயினும் அதே தீர்ப்பில், வழக்குக்குரிய சட்டச் சிக்கல்களிலும் உண்மைச் சிக்கல்களிலும் அரசு இறுதி முடிவு சொல்லக்கூடாது என்ற எச்சரிக்கையும் இருந்தது. அரசு அலுவலகங்கள் முதல் பாதியை நன்றாக மனப்பாடம் செய்துகொண்டன என்றே நினைக்கிறேன்.

1985இல் மத்தியப் பிரதேச நீர்ப்பாசனத் துறை ஊழியர் சங்கத்தின் வழக்கு வந்தது. மத்திய அரசு ஊழியர்களுக்கு இணையான பஞ்சப்படியும், சம்பல் படி என்ற ஒரு படியும் கேட்டது அச்சங்கம். கூடுதல் செலவை அரசால் தாங்க இயலாது என்ற காரணம் காட்டி மாநில அரசு தகராறை அனுப்ப மறுத்தது. இங்கே அரசுதான் முதலாளி, அரசுதான் சாவிக்காரர். எதிர்வழக்காடுபவரே, 'என்மேல் வழக்குப் போடவேண்டாம், என்னிடம் பணமில்லை' என்று சொல்லிக் கதவையும் பூட்டிக்கொண்டது போல. அந்த வாதத்தைத் தீர்ப்பாயத்தில் போய்ச் சொல்லலாமே ஒழிய வாசலில் சொல்லக்கூடாது என்ற கருத்தில், தகராறை அனுப்பும்படி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. தீர்ப்பாயத்தின் அதிகாரத்தை அரசு பறித்துக்கொள்ள முனையும்போதெல்லாம் நீதிமன்றங்கள் விழிப்போடிருக்கும் என்றும் கூறிற்று. அதே ஆண்டில் அரியானாவிலிருந்து வந்த வழக்கு ஒன்றிலும், ஆலையின் உள்விசாரணையில் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது என்று சொல்லி அரசு மறுத்தது செல்லாது என்றாயிற்று. உள்விசாரணை ஒழுங்காக நடந்ததா என்பதுதானே அங்கே வழக்கு!

ஜாம்ஷெட்பூர் ஓட்டுநர்கள் வந்தது இவற்றுக்குப் பின்னர். இருந்தும் பாட்னா உயர் நீதிமன்றத்தில் அவர்கள் மனு தள்ளுபடியானது. சங்கம் மேல்முறையீடு செய்தது.

உச்ச நீதிமன்றம் அங்கு நடந்துகொண்ட விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வாதங்களைக் கேட்டு முடித்ததும் நேராக அரசின் தலையில் ஆணையைச் சுமத்தவில்லை. மேல்முறையீட்டை நிலுவையில் வைத்துக்கொண்டு, 'மறுபடியும் ஒருமுறை ஆராய்ந்து பாருங்கள்' என்று பீகார் அரசுக்கு வாய்ப்புக் கொடுத்தது. பீகார் அரசு ஆராய்ந்தது. பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. ஓட்டுநர்கள் டெல்கோவின் தொழிலாளர்கள் அல்லர், எனவே அனுப்பமாட்டோம் என்று மீண்டும் எழுதியது.

1989 ஏப்ரல் 27 அன்று தீர்ப்பு வந்தது. தகராறு இருக்கிறதா, எழக்கூடுமா என்று கருத்துக் கொள்வது அரசின் வேலை. அந்தத் தகராறில் யார் பக்கம் நியாயம் என்று முடிவு கட்டுவது அரசின் வேலையன்று. இங்கே தகராறே இவர்கள் தொழிலாளர்களா இல்லையா என்பதுதான். இல்லை என்று சொன்னதன் மூலம் அரசே அதைத் தீர்த்துவிட்டது. அதற்குச் சட்டத்தில் இடமில்லை. முற்றிலும் பொருளற்ற, அற்பமான கோரிக்கைகளை அரசு தள்ளிவிடலாம். ஆனால் 900 பேர் தங்கள் பிழைப்பைப் பற்றிக் கேட்பது அந்த வகையைச் சேர்ந்ததாகாது. ஒரு மாதத்திற்குள் தீர்ப்பாயத்துக்கு அனுப்பு என்று பீகார் அரசுக்கு நீதிமன்றம் ஆணையிட்டது.

முன்பு முதலாளிக்கு எதிராக அரசைக் காத்த அதே 'நிர்வாகச் செயல்' என்ற சொல், இங்கே அரசுக்கு எதிராகத் தொழிலாளியைக் காத்தது என்பதை நண்பர்கள் கவனிக்கவேண்டும். உன் வேலை நிர்வாகம்தான் என்பதால் உன்னைத் துருவிக் கேட்கமாட்டேன் என்றது பழைய தீர்ப்பு. உன் வேலை நிர்வாகம்தான் என்பதால் நீ நீதிபதியின் நாற்காலியில் உட்காராதே என்றது இத்தீர்ப்பு.

இதில் இன்னொன்றும் உண்டு. உச்ச நீதிமன்றம் ஓட்டுநர்களை நிரந்தரமாக்கு என்று சொல்லவில்லை. அவர்கள் டெல்கோவின் தொழிலாளர்கள் என்றும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் அரசு செய்த அதே தவறைத் தானும் செய்ததாகியிருக்கும். கோரிக்கை வைத்த நாளிலிருந்து கணக்கிட்டால் இரண்டரை ஆண்டுகள். இந்த இரண்டரை ஆண்டும் கதவைத் திறக்க மட்டுமே செலவாயின. உள்ளே நடக்கவேண்டிய வழக்கு அதற்குப் பிறகுதான் தொடங்கும். கூலிக்காரனுடைய ஆயுளில் இரண்டரை ஆண்டு என்பது சிறிய பகுதியன்று.

எங்கள் நாற்பத்து மூன்று பேரும் தலைக்கு ஐந்நூறு ரூபாய் போட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். எங்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் தட்டச்சுச் செய்து கொடுத்த தாள்களில்தான் இந்த ஜாம்ஷெட்பூர் வழக்கின் பெயரை நான் முதலில் கண்டேன். எங்கோ ஒரு மூலையில் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வண்டி ஓட்டியவர்கள், முப்பது ஆண்டுகள் கழித்து எங்கள் தெரு லோடுமேன்களுக்குத் துணைக்கு வந்தார்கள். கடிதம் ரத்தாயிற்று, தகராறு தீர்ப்பாயத்துக்குப் போயிற்று. சென்ற ஆண்டு தந்தையார் அங்கே சாட்சி சொன்னார். எடைச் சீட்டுகள் ஒவ்வொன்றாக எண்ணிடப்பட்டுச் சான்றாவணங்களாயின. நிர்வாகத் தரப்பு வழக்கறிஞர் அவரை முக்கால் மணி நேரம் குறுக்கு விசாரணை செய்தார். முடிவு இன்னும் வரவில்லை. வெளியே வந்து தந்தையார் சொன்னது: "கேட்டாங்கப்பா. எல்லாத்தையும் கேட்டாங்க."

சாவி இல்லாத காலம்

இப்போது சட்டம் மாறிவிட்டது. முன்னரே ஒரு சிறு மாற்றம் நம் மாநிலத்தில் நடந்திருந்தது. வேலைநீக்கம் செய்யப்பட்ட தனித் தொழிலாளி, சமரசம் முறிந்தபின் அரசின் அனுமதியை எதிர்பாராமல் தானே தொழிலாளர் நீதிமன்றம் போகலாம் என்று தமிழ்நாடு 1988ஆம் ஆண்டின் 5ஆம் சட்டத்தால் திருத்தம் செய்தது. நாடு முழுவதற்கும் இது போன்ற வழி 2010இல்தான் வந்தது. ஆனால் நிரந்தரம், கூலி உயர்வு, ஒப்பந்தத் தொழிலாளர் நிலை போன்ற கூட்டுக் கோரிக்கைகளுக்குப் பழைய வாசல்தான்.

2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. தொழில் தகராறுகள் சட்டத்தின் இடத்தை அது எடுத்துக்கொண்டது. வேலைநிறுத்தம், ஆட்குறைப்பு முதலியவற்றில் இப்புதிய சட்டத்தைத் தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்க்கின்றன; அவை தனிக் கட்டுரைக்கு உரியவை. நம் பொருளுக்கு வேண்டியது ஒன்று. அரசு தகராறை அனுப்பவேண்டும் என்ற நடைமுறையே அதில் இல்லை. சமரசம் முறிந்தால், அலுவலரின் அறிக்கை கிடைத்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் இரு தரப்பில் எவரும் தாமே தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். ஜாம்ஷெட்பூர்ச் சங்கம் இரண்டரை ஆண்டு போராடித் திறந்த கதவு, இன்று கதவே இல்லாத வாசலாகிவிட்டது.

இதை நான் நல்ல மாற்றம் என்றே கருதுகிறேன். ஆனால் 90 நாள் என்ற கணக்கை மறந்துவிடக்கூடாது. முன்பு அரசு அனுப்பும், சங்கம் காத்திருக்கும். இப்போது சங்கமே மனு எழுதி, காரணங்கள் கூறி, ஆவணங்களைச் சேர்த்துக் குறித்த நாளுக்குள் போகவேண்டும். கடிதத்தைப் படிக்கவே பள்ளிப் பிள்ளையைத் தேடி வந்த சங்கங்கள் நாட்டில் எத்தனையோ உள. அவற்றுக்குத் தொண்ணூறு நாள் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

தீர்ப்பாயத்தின் அமைப்பும் மாறியிருக்கிறது. பழைய தீர்ப்பாயத்தில் நீதித்துறை சார்ந்த ஒருவர் இருந்து விசாரித்தார். புதிய சட்டப்படி இரண்டு உறுப்பினர்கள். ஒருவர் நீதித்துறை உறுப்பினர், மற்றவர் நிர்வாக உறுப்பினர். வேலைநீக்கம், ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம் சட்டப்படியானதா என்பன போன்ற சிலவற்றை இருவரும் சேர்ந்து விசாரிப்பார்கள். மற்றவற்றை ஒருவரே விசாரிக்கலாம். வாசலில் நின்ற நிர்வாகத்துக்கு உள்ளேயே ஒரு நாற்காலி போட்டாயிற்று என்று எங்கள் சங்கச் செயலாளர் சொல்கிறார். அவர் சொல்வது சற்று மிகையாக இருக்கலாம். உள்ளே உட்காருபவர் சாட்சியைக் கேட்டுத்தானே ஆகவேண்டும். 1989ஆம் ஆண்டுத் தீர்ப்பு வகுத்த எல்லைக்கோடு இந்த நாற்காலி விஷயத்தில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை, இக்கல்லூரியில் பட்டம் பெற்றபின் சட்டம் படிக்கப் போகும் அண்ணன்மார், அக்காமார் யாரேனும் அடுத்த ஆண்டு மலரில் எழுதினால் நானும் எங்கள் வீட்டிலும் ஆவலோடு படிப்போம்.